நம் பிள்ளைகளின் பெயரைக் கொண்டு சோதித்தீர்களா?



‘வாழை’ என்னும் சொல்லைப் பிழையின்றி எழுதுவான். ‘பழம்’ என்னும் சொல்லையும் பிழையின்றி எழுதுவான். இரண்டையும் சேர்த்து எழுதச் சொன்னால் ‘வாழைபழம்’ என்று எழுதி வைப்பான். நான்காம் ஆண்டு வகுப்பில் தமிழ்ப்பாடம் நடத்திய எவருக்கும் இது புதிய செய்தியன்று. சொல்வதெழுதுதலில் முழு மதிப்பெண் பெறும் பிள்ளை, கட்டுரை எழுதும்போது ஒற்றுப்பிழைகளால் தடுமாறுவதை நாள்தோறும் காண்கிறோம். பிழை சொற்களில் இல்லை. சொற்கள் சேரும் இடத்தில் இருக்கிறது. எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் வகுத்த நம் முன்னோர் அத்துடன் நில்லாமல், அவை புணரும் இடத்திற்கென்றும் தனியே இலக்கணம் வகுத்தது இதனால்தான்.

கணினி நிரல்களுக்கும் இதே நிலைதான். ஓர் இணையச் செயலியின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துச் சோதிப்பதை ‘அலகுச் சோதனை’ என்பர். அவ்வுறுப்புகளை ஒன்றாகப் பூட்டி, ஒருவர் உண்மையில் பயன்படுத்துவது போலவே தொடக்கம் முதல் முடிவு வரை இயக்கிப் பார்ப்பது ‘ஒருங்கிணைப்புச் சோதனை’. முன்னது சொல்வதெழுதுதல், பின்னது கட்டுரை.

ஒரு தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. மாணவர் வருகைப் பதிவு முதல் வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலை வரை இன்று எல்லாமே இணையத்தின் வழிதான் நடைபெறுகின்றன. அமைச்சின் செயலிகள் ஒருபுறம் இருக்கட்டும். புதிர்ப்போட்டிக்கான பதிவு, நூல்நிலையப் பட்டியல், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கட்டணப் பக்கம், விளையாட்டுப் போட்டி நாளின் பெயர்ப்பட்டியல் என நாமே பொறுப்பேற்றுச் செய்விக்கும் சிறு செயலிகளும் பெருகிவிட்டன. இவற்றைச் செய்து தருவோர் பெரும்பாலும் நம் முன்னாள் மாணவர்கள். குறைந்த பணத்திற்கோ, அன்பின் பொருட்டோ இரவில் கண்விழித்துச் செய்து தருகிறார்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால், அவர்களிடம் நாம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை. அந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் தலைப்பு.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் எங்களுக்கு ‘நுண்கற்பித்தல்’ என்றொரு பயிற்சி இருந்தது. பீடிகை அமைத்தல், கேள்வி கேட்டல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் என ஒவ்வொரு திறனையும் சில நிமிடங்களுக்குத் தனித்தனியே செய்து காட்ட வேண்டும். எதிரில் அமர்ந்திருப்போர் சக பயிற்சி ஆசிரியர்கள்; மாணவர்களைப் போல நடிப்பார்கள். எல்லாரும் நன்றாகவே செய்தோம். பிறகு பயிற்றுப்பணிக்குப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டோம். அங்கே முப்பத்தைந்து உயிருள்ள பிள்ளைகள், மதிய வெயில், பழுதான மின்விசிறி, நடுவில் ஒலிக்கும் மணி! திறன்கள் எங்களிடம் இருந்தன. அவை ஒன்றோடொன்று இணையும் இடத்தைப் பள்ளிதான் சோதித்தது. நுண்கற்பித்தலில் தேறியவர் என்பதற்காகப் பயிற்றுப்பணி இல்லாமலே ஒருவரை வகுப்பாசிரியராக அமர்த்த எந்தத் தலைமையாசிரியராவது இசைவாரா? இணையச் செயலிகளை மட்டும் அப்படித்தான் அமர்த்திக்கொண்டிருக்கிறோம்.

இனி, ஓர் இணையச் செயலியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெற்றோர் ஒருவர் படிவத்தில் பெயரை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறார். அவருடைய உலாவி அப்பெயரை வழங்கிக்கு அனுப்புகிறது. வழங்கியில் உள்ள வலைச் சட்டகம், இந்த வேண்டுகோள் எந்தப் பகுதிக்கு உரியது என்று இணைய முகவரியைக் கொண்டு முடிவு செய்கிறது. அப்பகுதி பெயரைச் சரிபார்த்துத் தரவுத்தளத்திடம் ஒப்படைக்கிறது. பின்னர் வேறொரு நாளில், வேறொரு பகுதி அப்பெயரைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் காட்டுகிறது, சான்றிதழில் அச்சிடுகிறது, மின்னஞ்சலில் அனுப்புகிறது. ஆறேழு கைகள் மாறுகின்றன.

‘வலைச் சட்டகம்’ என்று நான் குறிப்பிடுவது லாராவெல், ஜாங்கோ, ரூபி ஆன் ரெயில்ஸ் போன்றவற்றை. வீடு கட்டுவோர் செங்கல் சூளையிலிருந்து தொடங்காமல் ஆயத்தச் சட்டங்களை வாங்கிப் பொருத்துவது போல, நிரலர்கள் இவற்றின் மீது தங்கள் செயலியைக் கட்டுகிறார்கள். இவையெல்லாம் சோதனைக்கான கருவிகளையும் தம்மோடு சேர்த்தே தருகின்றன. ரெயில்ஸ் 2006 மார்ச்சில் வெளியிட்ட 1.1 பதிப்பிலேயே ஒருங்கிணைப்புச் சோதனைகளுக்கென்று தனி வசதியைச் சேர்த்துவிட்டது. லாராவெல்லில் புதிய செயலி ஒன்றைத் தொடங்கினாலே சோதனைகளுக்கான இரண்டு உறைகள் தாமாக உருவாகின்றன. ஒன்று அலகுச் சோதனைக்கு, மற்றொன்று முழு வேண்டுகோளையும் இயக்கிப் பார்க்கும் சோதனைக்கு. பெரும்பாலான சோதனைகள் இரண்டாவது வகையாக இருக்க வேண்டும் என்று அதன் கையேடே அறிவுறுத்துகிறது. கருவி இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. உறை இருக்கிறது, அதில் ஒன்றும் எழுதப்படாமல் கிடக்கிறது.

சரி, நம் பிள்ளைகளின் பெயருக்கு வருவோம்.

மலேசிய இந்தியர்களின் அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயருக்கு நடுவே ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்று இருக்கும். ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்னும் மலாய்ச் சொற்களின் சுருக்கம். மகன், மகள் என்று பொருள். நடுவில் நிற்கும் அந்தச் சாய்கோடு நமக்கு ஒரு கோடு மட்டுமே. கணினிக்கு அது எல்லைக்கல்! இணைய முகவரியில் ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்குவதைக் காட்டும் குறி அதுதான். லினக்சு வழங்கிகளில் ஓர் உறையையும் அதனுள் இருக்கும் கோப்பையும் பிரிக்கும் குறியும் அதுவே.

ஒரு நிரலர், சான்றிதழ்ப் பக்கத்தின் முகவரியை மாணவர் பெயரைக் கொண்டு அமைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சான்றிதழ், சாய்கோடு, பெயர்’ என்பது அவர் வகுத்த வடிவம். மெய்லிங் என்ற பெயர் தடையின்றிச் செல்லும். அமினா என்ற பெயரும் செல்லும். ‘முகிலன் ஏ/எல் தங்கராசு’ என்ற பெயர் வந்ததும் சட்டகம் அதை இரண்டு துண்டாகப் பார்க்கிறது. லாராவெல், ஜாங்கோ இரண்டிலுமே முகவரியின் ஒரு பகுதியாக வரும் சொல்லில் சாய்கோடு இடம்பெறக்கூடாது என்பது இயல்பான விதி. ஆகவே, ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்ற மறுமொழியே கிடைக்கும். சாய்கோட்டைக் குறியீடாக மாற்றி அனுப்பினால் தப்பிக்கலாமே என்று சிலர் முயல்வர். பல வழங்கிகளில் இயங்கும் அப்பாச்சி மென்பொருள், தனியே அமைப்பை மாற்றினாலன்றி, அவ்வாறு மாற்றப்பட்ட சாய்கோட்டைக் கொண்ட முகவரியையும் ஏற்க மறுத்துவிடும். நிரலரின் மடிக்கணினியில் அப்பாச்சி இல்லாமலிருக்கலாம். சில சட்டகங்களில் அங்கே எல்லாம் அழகாக இயங்கக்கூடும். பள்ளிக்கு வந்த பிறகுதான் முறியும். அந்த முறிவும் நம் பிள்ளைகளுக்கு மட்டுமே நேரும்.

இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெயரைச் சரிபார்க்கும் பகுதியைத் தனியே சோதித்தால் அது தேறும். பெயரைச் சேமிக்கும் பகுதியும் தேறும். சான்றிதழ் அச்சிடும் பகுதியும் தேறும். எந்தப் பகுதியிலும் பிழை இல்லை. ‘ஏ/எல்’ கொண்ட ஒரு பெயரைப் படிவத்தில் உள்ளிட்டுச் சான்றிதழ் வரை அழைத்துச் செல்லும் ஒரே ஒரு சோதனை இருந்திருந்தால், வெளியீட்டுக்கு முன்பே அது வெளிப்பட்டிருக்கும். கடப்பிதழில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். பன்னாட்டு விதிப்படி அங்கே ஆங்கிலப் பேரெழுத்துகளும் எண்களும் ஒரு நிரப்புக் குறியும் தவிர வேறெதற்கும் இடமில்லை, சாய்கோட்டுக்கும் இல்லை. ஆக, அடையாள அட்டையில் ஒரு வடிவம், விமானச் சீட்டில் ஒரு வடிவம், வங்கியில் ஒரு வடிவம் என்று நம்மவர் பெயர் பலவாறு சிதறிக் கிடக்கிறது. ஒரு செயலி இன்னொன்றோடு பேசும்போது ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற மறுமொழி வருவதில் வியப்பென்ன?

நன்னூல் விகாரப் புணர்ச்சியை மூன்றாகப் பிரிக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் ‘ப்’ தோன்றுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமாகத் திரிகிறது. மரமும் வேரும் சேரும்போது ‘ம்’ கெட்டு மரவேர் ஆகிறது. பெயர்கள் கைமாறும் இடத்தில் நேரும் பிழைகளை நான் கவனித்தவரை, அவையும் இந்த மூன்றுக்குள் வியக்கத்தக்க வகையில் அடங்கிவிடுகின்றன.

தோன்றல்: டி’குரூஸ் என்னும் பெயரில் உள்ள மேற்குறியை ஒரு பகுதி பாதுகாப்புக்காகக் குறியீடாக மாற்றுகிறது. அடுத்த பகுதியும் அதே கடமையை மறுமுறை செய்கிறது. விளைவு, பெயரின் நடுவே ‘&#039;’ என்று முளைத்து நிற்கிறது.

திரிதல்: தமிழில் உள்ளிட்ட பெயர் ‘?????’ என்று வினாக்குறிகளின் வரிசையாகத் திரும்பி வருகிறது. 2000-ஆம் ஆண்டுகளில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இது பழகிய துன்பம். அன்று தாப், தாம், திஸ்கி என்று பல குறியாக்கங்கள். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறிகள்தாம் தெரியும். ஒருங்குறி வந்த பிறகு இச்சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தோம். முழுமையாகத் தீரவில்லை. மைசீக்குவல் தரவுத்தளம் 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் ஒருங்குறிக் குறியாக்கத்தை இயல்பாக்கியது. அதற்கு முன் இயல்பாக இருந்தது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியாக்கம். பழைய அமைப்பின் மீது புதிய செயலியைக் கட்டினால் வினாக்குறிகள் இன்றும் வரும். இதனினும் நுட்பமான திரிபு ஒன்று உண்டு. ‘கோகிலா’ என்னும் பெயரில் உள்ள ‘கோ’வைக் கணினியில் இருவகையாகச் சேமிக்கலாம், ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியெண்களாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இரண்டும் நிகர் என்றே கூறுகிறது. ஆனால், அவற்றை முன்கூட்டியே ஒரே வடிவத்திற்குக் கொண்டுவராத செயலியில் கோகிலாவைத் தேடினால், இருக்கும் பிள்ளையை ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

கெடுதல்: இதை ஆசிரியர்கள் அனைவரும் பட்டு அறிந்திருப்பர். 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் அடையாள அட்டை எண் சுழியத்தில் தொடங்கும். எக்செல் விரிதாளில் ஒட்டியதும் முதல் சுழியம் மறைந்து, பன்னிரண்டு இலக்கங்கள் பதினொன்றாகவோ அதனினும் குறைவாகவோ ஆகிவிடும். செயலியிலும் அந்த எண்ணைக் கணக்கிடும் எண்ணாகக் கருதிச் சேமித்தால் அதே கதிதான். பெயரின் வால் அறுபடுவதும் இவ்வகையே. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் ஐந்து குறியெண். சேமிக்கையில் பதினைந்து பைட்டு. ‘முப்பது எழுத்துப் போதும்’ என்று ஆங்கிலக் கணக்கில் ஒருவர் எல்லை வகுத்தால், தமிழில் நெடிய பெயர் அதற்குள் அடங்காது.

இவற்றைப் பிடிக்கும் சோதனையை எழுதுவது மந்திரமன்று. அறிவியல் பாடத்தில் ஆராய்வு நடத்துவதைப் போன்றதுதான். முதலில் களம் அமைக்க வேண்டும்: வெறுமையான தரவுத்தளம் ஒன்று, அதில் ஒரு பள்ளி, ஓர் ஆசிரியர். இரண்டாவதாகச் செயல்: முகிலன் ஏ/எல் தங்கராசு என்னும் மாணவனைப் படிவத்தின் வழியாகவே பதிவு செய்தல். நேரே தரவுத்தளத்தில் பெயரைத் திணிப்பது ஒருங்கிணைப்புச் சோதனை ஆகாது. வாசல் வழியாக நுழைய வேண்டும். மூன்றாவதாக, எதிர்பார்த்த விளைவைச் சரிபார்த்தல்: தரவுத்தளத்தில் ஒரே ஒரு பதிவு இருக்கிறதா? பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா? ஆசிரியர் உள்நுழைந்து பார்க்கும் பட்டியலில் அது தெரிகிறதா? சான்றிதழ் இணைப்பைத் திறந்தால் திறக்கிறதா? ‘பக்கம் வெற்றிகரமாகத் திறந்தது’ என்பதோடு சிலர் நிறுத்திக்கொள்கிறார்கள். வினாக்குறிகள் நிறைந்த பக்கமும் வெற்றிகரமாகத்தான் திறக்கும்!

சோதனை முடிந்ததும் களத்தைத் துடைத்துவிட வேண்டும். முந்தைய பாடத்தின் கணக்குகள் கரும்பலகையில் எஞ்சியிருந்தால் அடுத்த பாடத்தில் குழப்பம் வரும் அல்லவா? ஒரு சோதனை விட்டுச்சென்ற முகிலன், அடுத்த சோதனையில் ‘ஏற்கெனவே பதிவானவர்’ ஆகிவிடுவான். ஜாங்கோ போன்ற சட்டகங்கள் சோதனைக்கென்றே தனித் தரவுத்தளத்தை உருவாக்கி, முடிந்ததும் அழித்துவிடுகின்றன. இன்னொன்று: சோதனைக்கு உண்மையான மாணவர்களின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கொடுக்கவே கூடாது. கற்பனைப் பெயர்கள் போதும். பள்ளிப் பதிவேட்டை அப்படியே நகலெடுத்து நிரலருக்கு வாட்சாப்பில் அனுப்பும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. பெற்றோர்கள் இதைக் கண்டிக்க வேண்டும்.

இயக்கும் முறை பற்றியும் சில சொல்ல வேண்டும். விரைவுக்காகச் சோதனையைச் சீக்குவலைட்டு என்னும் சிறிய தரவுத்தளத்தில் இயக்கிவிட்டு, உண்மைச் செயலியை மைசீக்குவலில் இயக்குவோர் பலர். முன்னது, வகுத்த நீளத்தை மீறிய பெயரையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். பின்னது மறுக்கும், அல்லது அமைப்பைப் பொறுத்து வாலை வெட்டும். பயிற்சித் தாளை ஒரு பாடத்திட்டத்திலும் தேர்வுத்தாளை வேறொரு பாடத்திட்டத்திலும் தயாரிப்பதற்கு இது ஒப்பாகும். அதைப் போலவே, சட்டகத்தின் சோதனைக் கருவி பெரும்பாலும் வழங்கி மென்பொருளைத் தொடாமல் உள்ளுக்குள்ளேயே வேண்டுகோளை அனுப்பிப் பார்க்கும். ஆகவே, நான் மேலே கூறிய அப்பாச்சிச் சிக்கல் அதில் தென்படாது. ஒரு சில சோதனைகளையாவது, உண்மை வழங்கியைப் போன்ற மாதிரி வழங்கியில், உண்மை உலாவியைக் கொண்டு இயக்க வேண்டும். அவை மெதுவானவைதாம், ஐந்தாறு இருந்தால் போதும்.

மின்னஞ்சல், இணையவழிக் கட்டணம் போன்ற வெளிச்சேவைகளைச் சோதனையின்போது உண்மையில் அழைக்க முடியாது. அவற்றுக்குப் பதிலாகப் போலி ஒன்றை நிறுத்துவார்கள். தவறில்லை. ஆனால், போலி என்பது நிரலர் என்ன நம்புகிறாரோ அதையே திருப்பிச் சொல்லும். நுண்கற்பித்தலில் மாணவர்களாக நடித்த நண்பர்கள், நாங்கள் எதிர்பார்த்த விடைகளையே சொன்னார்கள்!

ஒருமுறையாவது தோற்றுக் காட்டாத சோதனையை நான் நம்புவதில்லை. எல்லா மாணவரும் சரியாக விடையளிக்கும் கேள்வி, நல்ல மாணவரையும் பின்தங்கிய மாணவரையும் பிரித்துக் காட்டாது என்று வினா ஆய்வில் படித்திருக்கிறோம். நிரலைத் தெரிந்தே கெடுத்துப் பார்த்து, சோதனை சிவப்பாகிறதா என்று காண வேண்டும். அடிக்கடி காரணமின்றித் தோற்கும் சோதனையும் கேடு. நாள்தோறும் பொய்யாக ஒலிக்கும் தீ எச்சரிக்கை மணியைக் கேட்டு எவரும் திடலுக்கு ஓடமாட்டார்கள்.

இவையெல்லாம் பெயர்ப் பிழைகள்தாமே, இதற்கா இவ்வளவு என்று எண்ணுவோருக்கு அடுத்த செய்தி. பெற்றோர் ஒருவர் உள்நுழைந்து தம் பிள்ளையின் மதிப்பெண் பக்கத்தைத் திறக்கிறார். முகவரியின் இறுதியில் 41 என்று இருக்கிறது. அதை 42 என்று மாற்றி அழுத்துகிறார். வேறொரு பிள்ளையின் மதிப்பெண், வீட்டு முகவரி, தந்தையின் வருமானம் எல்லாம் கண்முன்! உள்நுழைவுப் பகுதி சரியாகத்தான் இயங்கியது. மதிப்பெண் பகுதியும் சரியாகத்தான் இயங்கியது. ‘இவர் இதைப் பார்க்கலாமா?’ என்று இரண்டுக்கும் இடையே நின்று கேட்க வேண்டிய கேள்வியை எவரும் கேட்கவில்லை. ஆதலால், நடக்க வேண்டியது நடக்கிறதா என்பதோடு, நடக்கக் கூடாதது மறுக்கப்படுகிறதா என்பதையும் சோதனையாக எழுத வேண்டும். முதல் பெற்றோராக உள்நுழைந்து இரண்டாம் பெற்றோரின் பிள்ளையைக் கேட்டால், செயலி மறுத்தாக வேண்டும். மறுத்தால்தான் தேர்ச்சி.

நம் நாட்டில் 2024 சனவரி 2-ஆம் நாள் ‘பாடு’ என்னும் மத்திய தரவுத்தள மையம் தொடங்கப்பட்டது. உதவித் தொகைகள் உரியவர்க்குச் சேர வேண்டும் என்பதற்காக மக்களின் பொருளாதார விவரங்களைத் திரட்டும் பெருந்திட்டம் அது. தொடங்கிய சிறிது காலத்திலேயே, அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பிறருடைய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட இயலும் என்னும் ஓட்டையை முன்னாள் துணையமைச்சர் ஓங் கியன் மிங் பொதுவில் சுட்டிக்காட்டினார். பின்னர் அது சரிசெய்யப்பட்டது. சுட்டிக்காட்டியவரும் நல்லது செய்தார். விரைந்து திருத்தியவர்களும் நல்லது செய்தனர். ஆயினும், நாடே பதிந்துகொள்ள வந்த வேளையில் ஒரு வெளியாள் கண்ட ஓட்டையை, முந்தைய மாதமே ஒரு சோதனை கண்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பணம் இல்லாததால் நேரும் குறை இது என்றும் கூற இயலாது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கான அரசு இணையத்தளம் 2013 அக்டோபர் 1-இல் திறக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் அதில் பணியாற்றின. முதல் நாளில் வெற்றிகரமாகக் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் ஆறு பேர்! அம்மாதம் 24-ஆம் நாள் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த நிறுவனத்தார், தத்தம் பகுதிகள் சோதிக்கப்பட்டவை என்றனர். தொடக்கம் முதல் முடிவு வரையிலான சோதனை திறப்புக்கு முன் கடைசி இரண்டு வாரங்களில்தான் நடந்தது என்பதையும் ஒப்புக்கொண்டனர். அவ்விடையைப் படித்தபோது, ‘வாழையும் சரி, பழமும் சரி’ என்று வாதிடும் மாணவன்தான் என் நினைவுக்கு வந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் பங்கெடுத்த ஒரு போட்டியின் மின்சான்றிதழ்களில் பெயர்கள் ‘ஏ’ என்ற எழுத்தோடு அறுந்து வந்தன. முகிலன் ஏ, கயல்விழி ஏ, தேன்மொழி ஏ. தந்தை பெயரைக் காணோம். ஏற்பாட்டாளர்களிடம் கேட்டதற்கு, ‘பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். பிற இனப் பிள்ளைகளின் சான்றிதழ்கள் குறையின்றி இருந்தன. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ‘எனக்கு மட்டும் ஏன் அப்பா பேரு இல்ல, டீச்சர்?’ என்று என் சக ஆசிரியையிடம் கேட்டாள். நிரலில் சாய்கோடு பிரிப்புக்குறியாகிவிட்டது என்று அவளுக்கு எப்படி விளக்குவது? இதில் எவருக்கும் இனப்பாகுபாட்டு எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. சோதித்தவர் தம் பெயரையும் தம் நண்பர் பெயரையும் கொண்டு சோதித்திருப்பார். அவ்வளவுதான். ஆனால், எண்ணம் இல்லாமலே விளைவு நேர்ந்துவிடுகிறது என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி.

‘ஐயா, இருநூறு ரிங்கிட்டுக்குச் செய்து தருகிறேன், சோதனையும் எழுதச் சொன்னால் இரு மடங்கு நேரமாகுமே’ என்று தம்பி ஒருவர் என்னிடம் கூறினார். நியாயமான குறைதான். ஆகவே, எல்லா அலகுகளுக்கும் சோதனை எழுதுங்கள் என்று நான் கேட்பதில்லை. பள்ளிக்கான சிறு செயலியில், ஒரு பிள்ளையின் பெயர் வாசலிலிருந்து சான்றிதழ் வரை செல்லும் பாதைக்கும், பிறர் பிள்ளையின் விவரத்தை மறுக்கும் பாதைக்கும் சோதனை இருந்தால் போதும். அலகுச் சோதனைகள் பிறகு வரட்டும். நிரல் வல்லுநர் சிலர் இந்த வரிசையை ஏற்கமாட்டார்கள். அலகுச் சோதனைதான் விரைவானது, பிழை எந்த வரியில் என்று துல்லியமாகக் காட்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால், அலகுகள் பெரும்பாலும் சட்டகத்திலிருந்து வருபவை. அவற்றைச் சட்டகத்தை உருவாக்கியோரே சோதித்துவிட்டனர். நம் தம்பிகள் செய்வது பெரும்பாலும் இணைக்கும் வேலையே. இணைப்பைத்தான் அவர்கள் சோதிக்க வேண்டும்.

தரவு எழுதித் தரும் பொறுப்பு நம்முடையது. எந்தப் பெயர் எங்கே முறியும் என்பது நிரலரைவிட வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் வகுப்பாசிரியருக்கே நன்கு தெரியும். அதனால், பத்துக் கற்பனைப் பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்திருக்கிறேன். ‘ஏ/எல்’ உடைய பெயர் ஒன்று, ‘ஏ/பி’ உடைய பெயர் ஒன்று. மேற்குறி கொண்ட பெயர். இரு பெயர்களுக்கு நடுவே ‘@’ குறி வரும் பெயர். தந்தை பெயரின்றித் தாய் பெயர் மட்டும் உள்ள பிள்ளை. ஒரே சொல்லாலான பெயர். ‘கோ’வும் ‘கௌ’வும் வரும் தமிழ்ப்பெயர். ‘ஸ்ரீ’ வரும் பெயர். நாற்பது எழுத்தைத் தாண்டும் பெயர். ஒரே பெயரும் ஒரே பிறந்தநாளும் கொண்டு, அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கங்களில் மட்டும் வேறுபடும் இன்னொரு பிள்ளை.

அந்தத் தம்பியிடம் இப்பட்டியலைக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை மாலை சோதனைகளை எழுதி இயக்கினார். பத்தில் ஆறு பச்சை, நான்கு சிவப்பு. மறுநாள் இரவுக்குள் அவற்றைத் திருத்திவிட்டார். எஞ்சியது சான்றிதழ் அச்சில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் சிக்கல். அவர் பயன்படுத்திய நிரலகம் தமிழ் எழுத்துகளை வரிசைமாற்றிக் காட்ட அறியாதது. அதைச் சோதனை நிரலும் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே எழுத்துகள் சரியாகவே இருந்ததால் அது பச்சை என்றே காட்டியது. அச்சிட்ட தாளைக் கையில் எடுத்துப் பார்த்த எங்கள் அலுவலக உதவியாளர்தான் ‘கொம்பு இடம் மாறியிருக்கிறதே’ என்று சொல்லிச் சிவப்பு மையால் வட்டமிட்டார். வேறு நிரலகம் தேடிக்கொண்டிருக்கிறார் தம்பி. போட்டிப் பதிவு மார்ச்சில் தொடங்குகிறது.